லிஃப்ட் நின்ற இடத்தில் தொடங்குங்கள்

கேள்வி: முதுகலைப் படைப்பிலக்கியம் படிக்கிறேன். மேஜர் ப்ராஜெக்ட்டாகச் சிறார் நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். 15,000 சொற்களில் படைப்பு, 4,000 சொற்களில் அதைப் பற்றிய விமர்சனக் கட்டுரை. இதுதான் எங்கள் துறையின் விதி. படைப்பை முழுமையாகவும் கொடுக்கலாம், நாவலின் ஒரு பகுதியாகவும் கொடுக்கலாம். ஒருவரோடொருவர் பேசாத இரண்டு குழந்தைகள் ஓர் இரவு முழுக்க லிஃப்ட்டில் மாட்டிக்கொள்வதுதான் கதை. ஏழு மாதமாகிறது. முதல் மூன்று அத்தியாயங்களைப் பதினொரு முறை திருத்திவிட்டேன். நான்காவது வரவே மாட்டேன் என்கிறது. 'குரல் பெரியவருடையதாக இருக்கிறது' என்று கைடு ஒரே வரியில் எழுதினார். அதற்கப்புறம் இரண்டு மாதமாக அவர் கண்ணில் படாமல் தப்பித்துவருகிறேன். கட்டுரையில் ஒரு வரிகூட எழுதவில்லை. சப்மிஷனுக்கு 14 வாரம் இருக்கிறது. பேசாமல் பிக்சர் புக்காக மாற்றிவிடலாமா? 32 பக்கம்தானே! வேறு துறை நண்பர்கள், 'குழந்தைக் கதை எழுதுவதெல்லாம் ஒரு ப்ராஜெக்ட்டா?' என்று சிரிக்கிறார்கள். முதல் அத்தியாயத்தையும் சினாப்சிஸையும் இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தை ஒரு முறையும் அத்தியாயத்தை மூன்று முறையும் படித்தேன். நான் சிறார் நூல்களுக்கு எடிட்டர். இடையிடையே இதுபோன்ற ப்ராஜெக்ட்டுகளை மதிப்பிடவும் கூப்பிடுவார்கள். இரண்டு வேலையையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்: 14 வாரம் போதும். தாராளமாகப் போதும் என்று சொல்லமாட்டேன், போதும். ஒரே ஒரு நிபந்தனை. அந்த மூன்று அத்தியாயங்கள் இருக்கும் ஃபைலில் கீழே சொல்லும் ஒரு வெட்டை மட்டும் இன்று செய்துவிட்டு, பிறகு ஆறு வாரத்துக்கு அதைத் திறக்கக் கூடாது.

பதினொரு முறை திருத்தினேன் என்கிறீர்கள். அதைத் திருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதை எங்கே போய் முடிகிறது என்று தெரியாதபோது, தொடக்கம் சரியா தப்பா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? வெளியே கிளம்ப மனமில்லாதவர் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நிற்பதில்லையா, அப்படித்தான் நிற்கிறீர்கள். நான்காவது அத்தியாயத்தை நினைத்தால் பயம், அதனால் மூன்றாவதைத் தேய்க்கிறீர்கள். இது உங்களுக்கு மட்டும் வரும் நோய் இல்லை. ஆனால் ப்ராஜெக்ட்டுக்குக் கடைசித் தேதி என்று ஒன்று இருப்பதால் இங்கே ஆபத்து அதிகம்.

பிக்சர் புக் யோசனையை முதலில் முடித்துவிடுவோம். 32 பக்கம் என்றால் சின்ன வேலை என்று அர்த்தமில்லை. அச்சகத்தில் பெரிய தாளின் இரு புறமும் அச்சிட்டு, மடித்து, வெட்டும்போது பக்கங்கள் எட்டு, பதினாறு என்ற கணக்கில்தான் விழும். அந்தக் கணக்கில் வந்ததுதான் 32. தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம் எல்லாம் போனால் உங்கள் கையில் மிஞ்சுவது பன்னிரண்டிலிருந்து பதினான்கு ஜோடிப் பக்கங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஏதாவது மாற வேண்டும், தாளைத் திருப்ப ஒரு காரணம் இருக்க வேண்டும், படம் சொல்லிவிட்டதை எழுத்து மறுபடி சொல்லக் கூடாது. மொத்தமே ஐந்நூறு, அறுநூறு சொல். அதில் பத்துச் சொல் வீணானாலும் பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கும். அதோடு உங்கள் விதிப்படி 15,000 சொல் வேண்டும். பிக்சர் புக்குக்குத் தனிக் கணக்கு கேட்டு, துறையில் ஒப்புதல் வாங்கி, புதிதாகச் சினாப்சிஸ் கொடுப்பதற்குள் நான்கு வாரம் போய்விடும். உங்கள் கதையிலோ எல்லாப் பக்கத்திலும் அதே நான்கு சுவர். (கைதேர்ந்த ஓவியர் ஒருவர் அதையே சவாலாக எடுத்து அசத்தலாம். அது வேறு விஷயம்.) மாற்ற வேண்டாம்.

மாற்ற வேண்டியது சினாப்சிஸில் இருக்கும் இரண்டு வரிகளை. '8 முதல் 14 வயது வரை உள்ள வாசகர்களுக்கு' என்று போட்டிருக்கிறீர்கள். எட்டு வயதுக்காரியும் பதினான்கு வயதுக்காரியும் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒரே புத்தகத்துக்குள் உட்கார மாட்டார்கள். பதினான்கை விட்டுவிடுங்கள். 8 முதல் 10 என்று வையுங்கள். உங்கள் சிறுமிக்குப் பத்து வயது. குழந்தைகளுக்குத் தங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்கத்தான் பிடிக்கும், ஆகவே அதுவும் பொருந்துகிறது. இன்னொரு வசதியும் இருக்கிறது. 9 முதல் 12 வயதுக்கான நாவல்கள் பொதுவாக முப்பதாயிரம், நாற்பதாயிரம் சொற்களுக்குப் போகும். அந்த வயதை எடுத்தால் உங்களால் ஒரு பகுதியைத்தான் கொடுக்க முடியும். தானாகப் படிக்கத் தொடங்கிய சின்னவர்களுக்கு 15,000 என்பது முழுப் புத்தகம். மதிப்பீட்டாளராகச் சொல்கிறேன், பகுதியைப் படிக்கும்போது 'இதை இவரால் முடிக்க முடியுமா?' என்ற சந்தேகம் கடைசிவரை கூடவே வரும். முழுதாக முடிந்த சின்னப் புத்தகத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இரண்டாவது வரி, 'ஓர் இரவு முழுக்க'. இரவு முழுக்க இரண்டு குழந்தைகள் காணவில்லை, ஒருவரும் தேடவில்லையா? எட்டு வயது வாசகர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அதற்குப் பதில் சொல்லவே உங்களுக்கு ஓர் அத்தியாயம் செலவாகும். இரண்டு மணி நேரம் ஆக்கிவிடுங்கள். 15,000 சொல்லை வாய்விட்டு நிதானமாகப் படித்தாலும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். அவர்கள் உள்ளே இருக்கும் நேரமும் படிப்பவர் புத்தகத்துக்குள் இருக்கும் நேரமும் ஒன்றாகிவிடும். இது தற்செயலாகக் கிடைத்ததுபோல இருக்கலாம், ஆனால் கட்டுரையில் ஒரு பக்கம் எழுத வைக்கும் விஷயம். குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சரி, குரலுக்கு வருவோம். உங்கள் முதல் வரிகள் இவை:

"அடுக்குமாடிகளின் மௌனத்தில் மனிதர்கள் தங்கள் முகங்களைத் தொலைத்துவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு தீவு இருந்தது."

வேறொரு கதைக்கு இவை இருந்துவிட்டுப் போகட்டும். இங்கே நான் கேட்பது, இதைப் பார்ப்பது யார் என்று. அந்தச் சிறுமி இல்லை. பத்து வயதுக்காரிக்குக் கதவுக்குப் பின்னால் தீவு தெரியாது. எந்தக் கதவுக்குப் பின்னால் நாய் இருக்கிறது என்று தெரியும். இதே தொனியில் நான்கு பக்கம் போகிறது. ஐந்தாம் பக்கத்தின் நடுவில், நீங்களே கவனிக்காத ஓர் இடத்தில், இப்படி எழுதியிருக்கிறீர்கள்:

"லிஃப்ட் நின்றது. ஃபேனும் நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுடைய ஷூவைப் பார்த்தாள். இடது ஷூவில் லேஸ் இல்லை."

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவனோடு பேச்சில்லை, அதனால் முகத்தைப் பார்க்க முடியாது. சின்ன இடம், அதனால் பார்க்காமலும் இருக்க முடியாது. கண் தானாகக் கீழே போகிறது. கோபம், தனிமை, மௌனம் என்ற ஒரு வார்த்தைகூட இல்லாமல் எல்லாம் வந்துவிட்டது. அதற்கு மேல், அந்த லேஸ் எங்கே போனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். உங்கள் புத்தகத்தின் முதல் வரி 'லிஃப்ட் நின்றது'தான். முன்னால் இருக்கும் நான்கு பக்கங்களை வேறொரு ஃபைலில் போட்டுவையுங்கள். நீங்கள் கதைக்குள் நுழைய அவை தேவைப்பட்டன, வாசகருக்குத் தேவையில்லை.

கைடு சொன்ன ஒரு வரிக்குப் பொருளும் இங்கேதான் இருக்கிறது. பார்பரா வால் என்ற ஆய்வாளர் சிறார் புனைவின் கதைசொல்லியைப் பற்றி எழுதி 1991இல் வந்த நூலில் மூன்று விதமான பேச்சைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்றில் கதைசொல்லி குழந்தையிடம் மட்டும் பேசுகிறார். இன்னொன்றில், குழந்தையிடம் பேசிக்கொண்டே அதன் தலைக்கு மேலாகப் பக்கத்தில் நிற்கும் பெரியவரைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். மூன்றாவதில் இருவரிடமும் ஒரே குரலில் ஒரே சமயத்தில் பேசுகிறார், இரண்டு பேருக்கும் அது முழுதாகப் போய்ச் சேருகிறது. உங்கள் 'தீவு' வரிகள் இந்த மூன்றிலும் அடங்காது, அங்கே குழந்தை அறையிலேயே இல்லை. 'லேஸ்' வரிகள் மூன்றாவது வகைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டன. அதாவது குரல் உங்களிடம் இருக்கிறது, நான்கு பக்கம் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. 'குழந்தைக் குரல்' என்றதும் சிலர் சொற்களை எல்லாம் சின்னதாக்கி, வரிக்கு வரி ஆச்சரியக்குறி போட்டு, கதைசொல்லியை மழலை பேச வைத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். கதை எந்த உயரத்தில் நின்று பார்க்கிறது என்பதுதான் விஷயம். கடினமான சொல்கூட இருக்கலாம், அந்தப் பிள்ளைக்கு அது தேவைப்பட்டால். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட ஒருத்தி, லிஃப்ட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 'கவர்னர்', எடையைச் சமன்செய்யும் 'கவுண்டர்வெயிட்' என்ற சொற்களை ஆசையாகக் கற்றுக்கொள்வாள்.

நான்காவது அத்தியாயம் ஏன் வரவில்லை? சினாப்சிஸைப் படித்ததும் புரிந்தது. கடைசி வரி: 'மெக்கானிக் வந்து கதவைத் திறக்கிறார், இருவரும் நண்பர்களாக வெளியே வருகிறார்கள்.' உங்களுக்கே இது பிடிக்கவில்லை. சிறார் கதையில் சிக்கலைக் குழந்தைதான் தீர்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நல்ல விதிதான். ஆனால் நின்றுபோன லிஃப்ட்டில் குழந்தைகள் கதவை நெம்பித் திறந்து வெளியே குதிப்பதாக எழுத முடியாது, எழுதவும் கூடாது. அது நிஜத்தில் உயிரைப் பறிக்கும் காரியம். அலாரத்தை அழுத்திவிட்டு, உதவி வரும்வரை உள்ளேயே இருப்பதுதான் சரி. ஆக, உங்கள் கதாநாயகி செய்ய வேண்டிய சரியான செயல் ஒன்றும் செய்யாமல் இருப்பது! இந்த முட்டுச்சந்தில்தான் ஏழு மாதமாக நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வழி இருக்கிறது. உங்கள் கதையில் மூடியிருப்பவை இரண்டு. ஒன்று லிஃப்ட் கதவு, இன்னொன்று அவர்களுடைய வாய். கதவை மெக்கானிக் திறக்கட்டும், அது அவர் வேலை. ஆனால் அவர் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே மற்றது திறந்துவிட வேண்டும். அதை அந்த இருவரைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. அந்தச் சாவி லேஸ்தான் என்பது என் ஊகம். அவன் லேஸை எதற்காக அவிழ்த்தான் என்று அவள் கேட்கிறாள், அல்லது கேட்காமலே அவன் சொல்கிறான். என்ன காரணம் என்பதை நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் புத்தகம். அந்த அத்தியாயத்தை, கதவு திறப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தை, அடுத்து எழுதுங்கள். நான்காவதை இல்லை. முடிவு கைக்கு வந்துவிட்டால் நான்காவதிலிருந்து ஒன்பதாவதுவரை என்ன வேண்டும் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும், தேவைப்படும் அத்தியாயங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

மூன்றாம் அத்தியாயத்தில் காற்று தீர்ந்துவிடும் என்று இருவரும் பயப்படுவதாகச் சினாப்சிஸில் பார்த்தேன். பயப்படட்டும். ஆனால் லிஃப்ட் கூண்டு காற்றுப் புகாத பெட்டி இல்லை, அதில் காற்றோட்டத்துக்கு வழி வைத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் அந்தத் துளைகளைக் கண்டுபிடிக்கலாம். பேசாதவரிடம் அந்தச் செய்தியை எப்படிச் சொல்வது? அது ஒரு நல்ல அத்தியாயம்.

இனிக் கட்டுரை. முதலில் என் கதையைச் சொல்கிறேன். என்னுடைய முதுகலை ப்ராஜெக்ட்டில் படைப்புப் பகுதியைக் கடைசி மாதம்வரை செதுக்கிக்கொண்டிருந்தேன். கட்டுரையை ஒன்பது நாளில் எழுதினேன். சிறார் இலக்கியத்தின் வரலாறு, வகைகள், முக்கியத்துவம் என்று நூலகத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டேன். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு கட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, "இந்தக் கட்டுரை இந்தக் கதையை எந்தப் பக்கத்தில் தொடுகிறது?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டார். நான் புரட்டினேன், புரட்டிக்கொண்டே இருந்தேன். பாஸ் ஆனேன், ஆனால் இன்றைக்கும் கட்டுரைகளை மதிப்பிட உட்கார்ந்தால் முதலில் அந்தக் கேள்வியைத்தான் போடுகிறேன்.

4,000 சொல்லில் சிறார் இலக்கியத்தைப் பற்றி எழுத முடியாது. உங்கள் கதையில் நீங்கள் எடுத்த ஒரு முடிவைப் பற்றி எழுதலாம். உங்களுக்குக் கேள்வி ஏற்கெனவே கிடைத்துவிட்டது: செயல்பட முடியாத இடத்தில் அடைபட்ட குழந்தையே கதையை நகர்த்தும்படி எப்படி வைத்திருப்பது? இதற்குச் சிறார் இலக்கிய ஆய்வாளர் மரியா நிக்கலாயேவாவைப் படியுங்கள். சிறார் நூல்களில் பெரியவரே அளவுகோலாகவும் குழந்தை அதிலிருந்து விலகிய ஒன்றாகவும் வைக்கப்படுவதைப் பற்றி, அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றி, 2010இல் வந்த அவருடைய நூல் பேசுகிறது. மெக்கானிக் வரும் உங்கள் கடைசிப் பக்கத்தை அந்த வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டாயிரம் சொல் தானாக வரும். குரலுக்குப் பார்பரா வால் இருக்கிறார். சிறார் புனைவு என்பதே சாத்தியமில்லாத ஒன்று, எழுதுவது பெரியவர், குழந்தை வெளியே நிற்கிறது என்று விமர்சகர் ஜாக்குலின் ரோஸ் 1984இல் போட்ட குண்டு இருக்கிறது. அதையும் தொடலாம், ஆனால் தொட்டால் பதில் சொல்லுங்கள். முதல் பத்தியில் ரோஸை மேற்கோள் காட்டிவிட்டு, அதற்கப்புறம் அவர் அந்த ஒன்றைச் சொல்லாததுபோலவே கட்டுரை முழுக்க நடந்துகொள்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மூன்று நான்கு கோட்பாட்டு நூல்கள், உங்கள் கதைக்குப் பக்கத்து வீட்டுக் கதைகளாக இரண்டு மூன்று படைப்புகள். இது போதும். முப்பது நூல் பட்டியலைப் பார்த்து யாரும் மயங்குவதில்லை.

கட்டுரையைப் பிறகு உட்கார்ந்து எழுத வேண்டாம், இன்றே தொடங்குங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு நாளும் எழுதி முடித்ததும் நாலு வரி: இன்று எதை மாற்றினேன், ஏன், எதை விட்டேன். இன்றைய பதிவு இப்படி இருக்கலாம்: 'முதல் நான்கு பக்கங்களை எடுத்தேன். அங்கே பார்ப்பது அவள் இல்லை, நான். ஷூ லேஸ் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. இழந்தது: கட்டிடத்தின் சூழல். அது வேண்டுமா? லிஃப்ட்டுக்குள் கேட்கும் சத்தங்களாகக் கொண்டுவர முடியுமா?' ஐந்து வாரத்தில் இப்படி இருபத்தைந்து பதிவுகள் சேர்ந்தால் கட்டுரையின் கச்சாப் பொருள் அத்தனையும் உங்கள் கையில் இருக்கும். ஒவ்வொரு நாள் வரைவையும் தேதி போட்டுத் தனி ஃபைலாகச் சேமியுங்கள். பழைய வரியையும் புதிய வரியையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும் இடம்தான் இந்த வகைக் கட்டுரையில் எனக்கு எப்போதும் பிடித்த இடம். அந்தப் பதினொரு திருத்தங்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறீர்களா? இருந்தால் ஏழு மாதம் வீண் போகவில்லை, அவை உங்கள் ஆதாரம்.

இப்போது கைடு. இரண்டு மாதமாக அவர் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவருக்குக் கீழே இன்னும் பல பேர் இருப்பார்கள், உங்களை நினைக்கவே நேரம் இருந்திருக்காது. மன்னிப்புக் கடிதம் வேண்டாம், காரணங்கள் வேண்டாம். இப்படி எழுதுங்கள்:

"சார், குரலைப் பற்றி நீங்கள் சொன்னது இப்போதுதான் பிடிபட்டது. ஐந்தாம் பக்கத்திலிருந்து கதையைத் தொடங்குகிறேன். புதிய முதல் இரண்டு பக்கங்களை இணைத்திருக்கிறேன். என் கேள்வி ஒன்றுதான்: இதில் பார்ப்பது அவள்தானா, அல்லது இன்னும் நான் எட்டிப் பார்க்கிறேனா? வயது வரம்பை 8 முதல் 10 என்று குறைக்கவும், இரண்டு மணி நேரக் கதையாக்கவும் விரும்புகிறேன். இதற்குச் சினாப்சிஸைத் திருத்திக் கொடுக்க வேண்டுமா?"

நாற்பது பக்கத்தை அனுப்பி 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் ஒரு வரிதான் திரும்பி வரும். இரண்டு பக்கத்துக்கு ஒரு கேள்வி என்றால் பதில் வரும்.

நாள் கணக்கு. முதல் ஐந்து வாரம் முழு வரைவு. முடிவு அத்தியாயம் முதலில், பிறகு நான்கிலிருந்து வரிசையாக. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 500 சொல் என்றால் ஐந்து வாரத்தில் 12,500 ஆகிறது, மீதி பழைய மூன்று அத்தியாயங்களிலிருந்து வந்துவிடும். மோசமாக இருக்கட்டும், திரும்பிப் படிக்காதீர்கள். ஆறாவது வாரம் கதையைத் தொடவே தொடாதீர்கள், கட்டுரைக்கான நூல்களைப் படியுங்கள். 1952இல் வந்த 'சார்லட்ஸ் வெப்' என்ற சிறார் நாவலை அமெரிக்க எழுத்தாளர் இ. பி. வைட் எழுதி முடித்துவிட்டு, பதிப்பாளருக்குக் கொடுக்காமல் ஆறட்டும் என்று ஒதுக்கிவைத்திருந்தார். திரும்ப எடுத்தபோதுதான் ஃபெர்ன் என்ற சிறுமியே கதைக்குள் வந்தாள். அவருக்கு மாதக்கணக்கில் நேரம் இருந்தது, உங்களுக்கு ஒரு வாரம், ஆனால் அந்த ஒரு வாரமும் வேலை செய்யும். ஏழாவதிலிருந்து பத்துவரை கதையைத் திருத்துங்கள். பழைய மூன்று அத்தியாயங்களை இப்போது திறக்கலாம், அவற்றில் எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறது என்று பார்த்துச் சிரிப்பீர்கள். பதினொன்றும் பன்னிரண்டும் கட்டுரைக்கு. பதின்மூன்று மேற்கோள் குறிப்பு, பக்க எண், உறுதிமொழிப் பத்திரம் போன்ற சள்ளைகளுக்கு. ஏதாவது எழுத்துக் கருவியையோ செயற்கை நுண்ணறிவையோ பயன்படுத்தியிருந்தால் துறை விதிப்படி அங்கே சொல்லிவிடுங்கள். பதினான்காவது வாரத்தைக் காலியாக விடுங்கள். பிரின்டர் பழுதாகும், உங்களுக்குக் காய்ச்சல் வரும், ஏதோ ஒன்று அந்த வாரத்தை எடுத்துக்கொள்ளும்.

திருத்தும் வாரங்களில் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டலாமா என்ற கேள்வி உங்களுக்கு வரும். வாசித்துக் காட்டுங்கள், இரண்டு மூன்று பேர் போதும். ஆனால் 'குழந்தைகள் இப்படிச் சொன்னார்கள்' என்று கட்டுரையில் ஆய்வுத் தரவாகப் போட நினைத்தால் பல பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் முன்கூட்டியே வாங்க வேண்டும். உங்களுக்கு அதற்கு நேரமில்லை. சொந்தத் திருத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதையும் கைடிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் 'பிடித்ததா?' என்று கேட்காதீர்கள். பிடித்தது என்பார்கள், அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். வாசிக்கும்போதே பென்சிலோடு இருங்கள். எங்கே காலை ஆட்டத் தொடங்குகிறார்களோ அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு. எங்கே கேள்வி கேட்கிறார்களோ அங்கே ஒரு புள்ளி. கோடுகளை வெட்டுங்கள், புள்ளிகளை வெட்டாதீர்கள்.

நண்பர்கள் சிரிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1922லேயே படைப்பிலக்கியத்தை மேற்பட்டத்துக்கான ஆய்வேடாக ஏற்றுக்கொள்வதாக அறிவித்துவிட்டது. இந்தச் சண்டை முடிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர்களிடம் இதைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். ஐந்து வாரத்துக்கு அவர்களோடு பேச உங்களுக்கு நேரம் இருக்காது.

கடைசியாக ஒன்று. இரண்டாம் பக்கத்தில் உங்கள் சிறுமி லிஃப்ட்டுக்குள் நுழைந்ததும் விளையாட்டாக அலாரம் பொத்தானைத் தொட்டுப் பார்க்கிறாள். ஆறாம் பக்கத்தில் அதே பொத்தான் அவளுக்கு எட்டவில்லை. ஒரு லிஃப்ட்டுக்குள் போய், முட்டி போட்டு, அவள் உயரத்தில் நின்று பாருங்கள். கையில் டேப் எடுத்துப் போங்கள்.